பக்கத்து சீட்டுக்காரருக்குச் சம்பளம் அதிகம் என்று தெரிந்துவிட்டதா? என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது

2022 பிப்ரவரி. சோழிங்கநல்லூர் சிக்னலிலிருந்து கொஞ்சம் தள்ளி, எங்கள் அலுவலகத்துக்குப் பின்பக்கச் சந்தில் ஒரு டீக்கடை. டீமில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்த தம்பி ஒருவனும் நானும் நின்றுகொண்டிருந்தோம். அவனுக்கு வேலை சொல்லிக் கொடுத்தது நான்தான். "அக்கா, எட்டு நாப்பதுன்னு சொல்லித்தான் கூப்பிட்டாங்க, கையில வர்றத பாத்தா அப்படித் தெரியலையே, உங்களுக்கும் இப்படித்தான் பிடிக்கிறாங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டான். வருடத்துக்கு எட்டு லட்சத்து நாற்பதாயிரம் என்கிறான், எனக்கு அப்போது ஆறு லட்சத்து முப்பதாயிரம். அதே டெஸ்டிங் வேலை, அதே பேண்ட் (கம்பெனி வைத்திருக்கும் சம்பளப் படிநிலை), அவனுக்கு நான்கு வருட அனுபவம், எனக்கு ஆறு. கையில் இருந்த டீ ஆறிப்போகும்வரை எனக்குப் பேச்சே வரவில்லை.

இந்த நிலைமை உங்களுக்கும் வரும். முதல் வேலையில் சேர்ந்து ஒன்றிரண்டு வருடத்தில் பெரும்பாலும் வந்துவிடும். அப்போது எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் ஐடிக்காரி, உதாரணங்கள் அங்கிருந்து வரும். ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டில் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவருக்கும், தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கும் நர்ஸுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

முதல் வேலை: அன்றைக்கு எதுவும் செய்யாதீர்கள். மேனேஜருக்கு மெசேஜ் வேண்டாம், டீம் குரூப்பில் ஸ்டேட்டஸ் வேண்டாம், ராத்திரி பதினொரு மணிக்கு ராஜினாமா மெயில் வேண்டவே வேண்டாம். அந்தச் சக ஊழியர்மேல் கோபப்படாதீர்கள். அவர் உங்கள் பணத்தை எடுத்துக்கொள்ளவில்லை, உங்களுக்குத் தெரியாமல் இருந்த ஒரு விஷயத்தைத் தெரியவைத்திருக்கிறார், அவ்வளவுதான். அந்தத் தம்பி மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இன்னும் நான்கு வருடம் நான் அதே சம்பளத்தில் சந்தோஷமாக இருந்திருப்பேன்.

எண்ணைப் பிரித்துப் பாருங்கள்

அடுத்து, ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். சிடிசி, அதாவது ஒருவருக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு, என்று ஒருவர் சொல்லும் எண்ணுக்கும் அவர் கையில் வாங்கும் பணத்துக்கும் நடுவில் நிறைய தூரம். கம்பெனி கட்டும் பிஎஃப் பங்கு, கிராஜுவிட்டி எனும் பணிக்கொடைக்கு என்று ஒதுக்குவது (அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம்), இன்சூரன்ஸ் பிரீமியம், வந்தாலும் வரும் வராமலும் போகும் வேரியபிள் பே, ஒரே ஒரு முறை தரும் ஜாயினிங் போனஸ், எல்லாவற்றையும் கூட்டித்தான் அந்த எண். நான் அன்று இரவு போட்ட கணக்கை அப்படியே தருகிறேன்.

அவனுடைய 8,40,000இல் ஜாயினிங் போனஸ் 60,000. பத்து சதவீத வேரியபிள் 84,000. பிஎஃப், கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் மூன்றும் சேர்ந்து சுமார் 68,000. இவை போக நிச்சயமாக வரும் பணம் 6,28,000, அதாவது மாதம் 52,300 சொச்சம். என்னுடைய 6,30,000இல் ஐந்து சதவீத வேரியபிள் 31,500, பிஎஃப் வகையறா சுமார் 54,000. மீதி 5,44,500, மாதம் 45,400க்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் என்று நெஞ்சடைத்துப் போனேனே, மாதாமாதம் நிச்சயமாகக் கையில் வருவதில் வித்தியாசம் ஏறக்குறைய 7,000தான். அதற்காக அது சின்ன விஷயம் ஆகிவிடாது. ஜாயினிங் போனஸ் ஒரு தடவையோடு முடிந்துவிடும், அதைக் கழித்தால் வருடா வருடம் தொடரும் இடைவெளி ஒன்றரை லட்சம். நான் கேட்க வேண்டிய எண் அதுதான் என்று அப்போது தெரிந்தது. பேசப் போகும்போது "ரெண்டு லட்சம் கம்மி" என்று தவறான எண்ணைச் சொன்னால், எச்ஆர் அந்த ஒரு தவறைப் பிடித்துக்கொண்டு மொத்தப் பேச்சையும் முடித்துவிடுவார்கள்.

இன்னொன்று, நைட் ஷிஃப்ட் அலவன்ஸ், ஆன்சைட் படி மாதிரி சிலருக்கு மட்டும் வருவதையும் கழித்துவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு கேபில் வீடு திரும்புகிறவருக்கு அந்தப் பணம் நியாயமாகச் சேர வேண்டியது.

வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

இதை யோசிக்காமல் கேட்கப் போகாதீர்கள், ஏனென்றால் கேட்கும் விதமே இதில்தான் இருக்கிறது. பெரும்பாலும் யாரும் உங்களைக் குறைத்துவைக்க வேண்டும் என்று உட்கார்ந்து திட்டம் போடுவதில்லை. நீங்கள் சேர்ந்த அன்று ஒரு எண் எழுதப்பட்டது, அதற்கப்புறம் எல்லாமே அந்த எண்ணின் மேல் சதவீதமாக ஏறுகிறது. வெளியிலிருந்து வருகிறவருக்கோ அன்றைய மார்க்கெட் விலை. 2021-22இல் ஐடியில் ஆள் கிடைக்காமல் அலைந்தார்கள், மாறியவர்களுக்கெல்லாம் சம்பளம் தாவியது, உள்ளேயே இருந்தவர்களுக்கு எட்டு சதவீதம், பத்து சதவீதம். அந்தத் தம்பி அந்த நேரத்தில் வந்தவன். அதே மாதம் சேர்ந்த ஒரு பெண்ணுக்கும் எட்டுக்கு மேல்தான் என்று பின்னால் தெரிந்தது.

சதவீதத்தின் வேலையைப் பாருங்கள். ஒருவருக்கு ஆறு லட்சம், இன்னொருவருக்கு எட்டு. இருவருக்கும் "சமமாக" பத்து சதவீதம் கொடுத்தால் 6.6, 8.8. இரண்டு லட்சமாக இருந்த இடைவெளி 2.2 லட்சமாகிவிட்டது. அதே ரேட்டிங், அதே ஹைக் (வருடாந்திரச் சம்பள உயர்வு), ஆனாலும் வருடா வருடம் நீங்கள் பின்னால் போகிறீர்கள். அதனால் ஹைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. சம்பளத் திருத்தம் என்று கேட்க வேண்டும், எச்ஆர் மொழியில் கரெக்‌ஷன். ஹைக்குக்கும் கரெக்‌ஷனுக்கும் பல கம்பெனிகளில் பட்ஜெட்டே தனித்தனி. நான் முதல் தடவை "நல்ல ஹைக் வேணும்" என்றுதான் கேட்டேன், "நல்ல ஹைக்தானே கொடுத்திருக்கோம், டீம்லயே உனக்குத்தான் அதிகம்" என்று பதில் வந்தது. அவர் சொன்னது பொய்யும் இல்லை.

என் விஷயத்தில் இன்னொரு காரணமும் இருந்தது. பிரசவ விடுப்பு 26 வாரம் எடுத்த வருடத்தில் "ஆறு மாசம் இல்லையே" என்று நடுத்தர ரேட்டிங் போட்டு மூன்று சதவீதம் கொடுத்தார்கள், நானும் சரி என்று வாங்கிக்கொண்டேன். அந்த மூன்று சதவீதத்தின் மேல்தான் அடுத்தடுத்த வருடங்கள் ஏறின. விடுப்பு எடுத்த வருடத்தில் இருக்கும் பெண்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: வேலை செய்த மாதங்களை மட்டும் வைத்து ரேட்டிங் போடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். சட்டப்படி கிடைத்த விடுப்பு அது, அதைக் குறையாகக் கணக்கில் எடுக்க அவர்களுக்கு உரிமை கிடையாது.

வேலை உண்மையிலேயே ஒன்றுதானா?

பதவிப் பெயரை நம்பாதீர்கள். சீனியர் என்று போட்ட இரண்டு பேர் வேறு வேறு பேண்டில் இருப்பார்கள், ஒரே பேண்டில் இருக்கும் இரண்டு பேர் வேறு வேறு வேலை செய்வார்கள். பிரச்சினை வந்தால் யாரைத் தேடி ஓடுகிறார்கள், ரிலீஸ் அன்று கையெழுத்துப் போடுவது யார், கிளையன்ட் கால் எடுப்பது யார், புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது யார், இதையெல்லாம் எழுதிப் பாருங்கள். எழுதும்போது மனசாட்சியோடு எழுதுங்கள். அவருக்குத் தெரிந்த ஒரு டூல் உங்களுக்குத் தெரியாது, அதற்குத்தான் மார்க்கெட்டில் விலை என்று தெரிந்தால், அதைப் படிப்பதுதான் உங்கள் அடுத்த வேலை, மேனேஜர் அறைக்கதவைத் தட்டுவது அதற்கப்புறம்.

அப்படி இல்லை, வேலை ஒன்றுதான் என்றால் வெளியே என்ன விலை என்று பாருங்கள். இணையத்தில் முகம் தெரியாதவர்கள் போடும் சம்பள எண்களை மட்டும் நம்ப வேண்டாம், ஊரும் வருடமும் கலந்து கிடக்கும். வேலைக்கு ஆள் எடுக்கும் கன்சல்டன்சியிலிருந்து போன் வந்தால் வேண்டாம் என்று கட் செய்யாமல் "இந்த ரோலுக்கு பட்ஜெட் என்ன சார்?" என்று கேளுங்கள், நான்கு பேரில் இரண்டு பேர் சொல்லிவிடுவார்கள். கூடப் படித்தவர்களிடம் "உன் சம்பளம் எவ்வளவு" என்று கேட்டால் கூச்சப்படுவார்கள், "உங்க கம்பெனியில ஆறு வருஷ அனுபவத்துக்கு எவ்வளவுல இருந்து எவ்வளவு வரைக்கும் தர்றாங்க" என்றால் தயங்காமல் சொல்வார்கள். வருடத்துக்கு இரண்டு இன்டர்வியூவாவது போய்வருவதும் நல்லது, மாற வேண்டும் என்ற எண்ணம் இல்லாவிட்டாலும்.

ஒரு பக்கம், அதற்குமேல் வேண்டாம்

கையில் ஒரு பக்கத் தாள் இருக்க வேண்டும். கடந்த ஒரு வருடத்தில் நீங்கள் செய்ததில் ஐந்தே ஐந்து, ஒவ்வொன்றிலும் ஒரு எண். "கடினமாக உழைத்தேன்" என்று எழுதாதீர்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள். "மூன்று நாள் பிடித்த ரெக்ரெஷன் டெஸ்டிங் (மாற்றம் செய்தபின் பழையவை சரியாக ஓடுகிறதா என்ற சோதனை) இப்போது நான்கு மணி நேரத்தில் முடிகிறது" என்று எழுதினேன், அந்த வரியைத்தான் என் மேனேஜர் அவருக்கு மேலே இருப்பவரிடம் எடுத்துச் சொன்னார். அடியில், இந்த வேலைக்கு வெளியே உள்ள சம்பள வரம்பு. கடைசி வரியில் நீங்கள் கேட்கும் எண். எண்ணைக் குறிப்பிடாமல் "பார்த்து செய்யுங்க" என்று விடக் கூடாது.

இதைத் தயார் செய்யும் வேகத்தில் கம்பெனி ஃபைல்களையோ கிளையன்ட் ரிப்போர்ட்டையோ உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பாதீர்கள். சம்பளம் பேசப் போய் வேலையை இழக்க அதுவே போதும். குறிப்புகளை உங்கள் கையால் நோட்டில் எழுதி வையுங்கள்.

எப்போது, யாரிடம், எப்படி

ஏப்ரலில் சம்பளக் கடிதம் வந்த பிறகு போய்க் கேட்பது, பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு சாப்பிட உட்காருவது மாதிரி. நிதியாண்டு மார்ச்சில் முடியும் கம்பெனிகளில் யாருக்கு எவ்வளவு என்ற பட்டியல் அதற்கு முன்பே போட்டு மூடிவிடுவார்கள். டிசம்பர், ஜனவரிதான் கேட்க வேண்டிய நேரம். நான் பிப்ரவரி கடைசியில் போனேன், "ஷீட் ஜனவரியிலேயே க்ளோஸ் ஆயிடுச்சே" என்றார் மேனேஜர். உங்கள் கம்பெனியில் சைக்கிள், அதாவது வருடாந்திரச் சம்பளம் முடிவாகும் சுற்று, எந்த மாதம் என்று இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேன்டீனில், லிஃப்ட்டில், சாட்டில் கேட்காதீர்கள். அரை மணி நேரம் காலண்டரில் போட்டு, தனியாக உட்கார்ந்து பேசுங்கள். முதலில் உங்கள் நேரடி மேனேஜர். அவரைத் தாண்டி எச்ஆரிடம் போனால் அவர் உங்களுக்காகப் பேசமாட்டார், அவர் பேசாமல் எதுவும் நகராது.

சக ஊழியரின் பெயரை மட்டும் எடுக்கவே கூடாது. பல ஆஃபர் லெட்டர்களில் சம்பளத்தை வெளியே சொல்லக் கூடாது என்று ஒரு வரி இருக்கும், அவர் உங்களை நம்பிச் சொன்னதற்கு அவர் மாட்டிக்கொள்ளக் கூடாது. அது போக, அவர் பெயர் வந்த நிமிடமே பேச்சு "உனக்கு யார் சொன்னது?" என்று திசை மாறிவிடும். நான் இரண்டாவது தடவை போனபோது கேட்ட கேள்வி இது: "இந்த பேண்டுக்குன்னு ஒரு சம்பள வரம்பு இருக்குமே, அதுல நான் எந்த இடத்துல இருக்கேன்?" கொஞ்ச நேரம் பதில் இல்லை. நானும் பேசவில்லை. அப்புறம் லேப்டாப்பைத் திருப்பி எதையோ பார்த்துவிட்டு, "கீழ் மட்டத்துலதான் இருக்க" என்றார். அவர் வாயாலேயே அது வந்துவிட்டது, இனி யாருடைய சம்பளத்தையும் நான் சொல்லத் தேவையில்லை. தாளை அவர் பக்கம் நகர்த்தி, "அப்படின்னா இது ஹைக் இல்லை, கரெக்‌ஷன். ஒன்றரை லட்சம். எப்போ செய்ய முடியும்னு சொல்லுங்க" என்றேன்.

வீட்டுக் கடன், குழந்தையின் ஸ்கூல் ஃபீஸ், வேளச்சேரி வாடகை, இவற்றைக் காரணமாகச் சொல்லாதீர்கள். கஷ்டம் உண்மைதான், எனக்கும் இருந்தது. ஆனால் கஷ்டத்துக்கு இரக்கம் கிடைக்கும், வேலைக்குத்தான் சம்பளம் கிடைக்கும்.

வரும் பதில்களும் நீங்கள் சொல்ல வேண்டியதும்

"பட்ஜெட் இல்லை" என்றால், "அடுத்த பட்ஜெட் எப்போது, அதில் என் பெயரைப் போட நான் என்ன காட்ட வேண்டும்?" என்று கேளுங்கள். "அடுத்த சைக்கிள்ல பாக்கலாம்" என்றால் தேதி கேளுங்கள். "பதவி உயர்வு தர்றோம், சம்பளம் அப்புறம்" என்றால் சம்பளத்தையும் சேர்த்தே பேசுங்கள், பெயர் மட்டும் மாறினால் வேலைதான் கூடும். வேரியபிளைக் கூட்டித் தருகிறோம் என்றால் அதை ஃபிக்ஸட்டில், அதாவது நிச்சயமாக வரும் சம்பளத்தில், கேளுங்கள்.

எது பேசினாலும் அன்று மாலையே இரண்டு வரி மெயில் போடுங்கள்: இன்று பேசியதற்கு நன்றி, நான் கேட்டது இது, நீங்கள் சொன்னது இது, மறுபடி பேச வேண்டிய தேதி இது. மேனேஜர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், புதிதாக வருகிறவருக்கு அந்த மெயில் மட்டும்தான் தெரியும். எனக்கு ஜூலையில் 90,000 வந்தது, மீதி அடுத்த வருடம் என்றார்கள். அந்த அடுத்த வருடம் வருவதற்குள் மேனேஜர் போய்விட்டார்.

காரணம் பெண் என்பதாக இருந்தால்

அப்போது விஷயமே வேறு. அதே நேரத்தில் சேர்ந்து, அதே வேலை செய்யும் ஆண்களுக்கு ஒரு சம்பளம், பெண்களுக்கு ஒரு சம்பளம் என்று வரிசையாகத் தெரிந்தால் அது சட்ட மீறல். 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் இதற்காகத்தான் வந்தது. இப்போது அதை உள்ளடக்கிய 2019ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஒன்றாக இருக்கும் வேலைக்கு ஒரே முதலாளி பாலினத்தை வைத்துச் சம்பளத்தில் வேறுபாடு காட்டக் கூடாது. தொழில்நுட்ப ஊழியர், மேலாளர் எல்லோரும் இதில் அடக்கம். சமமாக்குகிறேன் என்று சொல்லி மற்றவரின் சம்பளத்தைக் குறைக்கவும் கூடாது, ஆகையால் உங்களால் அவருக்கு நஷ்டம் வருமோ என்று பயப்பட வேண்டாம். "கம்பெனிக்கு அந்த அளவுக்கு வசதியில்லை" என்ற பதிலும் செல்லாது. மெக்கின்னன் மெக்கன்சி நிறுவனத்தில் பெண் ஸ்டெனோகிராபர்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகக் கொடுத்த வழக்கில், ஆட்ரி டி'கோஸ்டாவுக்குச் சாதகமாக 1987இல் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது.

ஆண் ஊழியர் இருவருக்கு நடுவில், தனியார் கம்பெனியில், வெறும் சேர்ந்த தேதியால் வரும் வித்தியாசத்துக்கு இந்தச் சட்டம் கை கொடுக்காது, அங்கே பேச்சுதான் வழி. அரசுத் துறைகளில் தற்காலிக ஊழியராக இருந்துகொண்டு நிரந்தர ஊழியரின் அதே வேலையைச் செய்கிறவர்களுக்கு 2016ஆம் ஆண்டு ஜக்ஜித் சிங் வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது, அதை வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

புகார் என்று போவதற்கு முன் எழுத்தில் கம்பெனியிடம் கேட்ட மெயில்களும் அவர்கள் பதிலும் உங்கள் கையில் இருக்க வேண்டும். தொழிலாளர் துறை ஆணையர் அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது, மெட்ரோ ஸ்டேஷன் வாசலிலேயே. வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம், உயர் நீதிமன்ற வளாகத்தில் மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போனால் இன்னும் நல்லது. ஐடி ஊழியர்களும் சங்கம் வைக்கலாம் என்று 2016லேயே தமிழ்நாடு அரசு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்து 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய ஊர் இது, நமக்கு இது புதுப் பழக்கம் இல்லை.

வெளியே போவது என்று முடிவானால்

கையில் ஆஃபர் லெட்டர் இல்லாமல் "போய்விடுவேன்" என்று சொல்லாதீர்கள், சரி போ என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? நோட்டீஸ் பீரியட் ஐடியில் பல இடங்களில் 90 நாள், அதற்கு ஒத்துக்கொள்ளும் கம்பெனியாகப் பாருங்கள். பேப்பர் போட்டதும், அதாவது ராஜினாமா கொடுத்ததும், பழைய கம்பெனி அவசரமாகச் சம்பளத்தைக் கூட்டித் தருகிறேன் என்று சொல்லும். ஒரு வருடம் கேட்டுக் கிடைக்காதது ஒரே நாளில் கிடைக்கும். நான் அதை ஏற்கவில்லை, 2023இல் மாறிவிட்டேன்.

புதிய இடத்தில் "இப்போ என்ன வாங்குறீங்க, அதுல முப்பது சதவீதம் தர்றோம்" என்பார்கள். அதே பழைய வலைதான், குறைந்த எண்ணின்மேல் மறுபடி சதவீதம். இந்த ரோலுக்கு உங்கள் வரம்பு என்ன என்று முதலில் கேளுங்கள், உங்கள் எண்ணை அதை வைத்துச் சொல்லுங்கள். பழைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்ல மட்டும் வேண்டாம், மூன்று மாத பே ஸ்லிப் கேட்பார்கள், பொய் என்று தெரிந்தால் ஆஃபரே போய்விடும். படிப்பு முடித்து முதல் வேலைக்குப் போகிறவர்களும் "ஃப்ரெஷருக்கு எல்லாருக்கும் ஒரே சம்பளம்" என்ற பதிலோடு விட்டுவிடாமல் ஃபிக்ஸட் எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு, முதல் திருத்தம் எந்த மாதம் என்று மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. கடைசி வேலைநாள் சாயங்காலம் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்த நிமிடத்தில் சம்பள போர்ட்டலும் மூடிவிடும். அதற்கு முந்தைய வாரமே சேர்ந்த நாளிலிருந்து உள்ள எல்லா பே ஸ்லிப்பையும், ஃபார்ம் 16ஐயும் (சம்பளத்தில் வரி பிடித்ததற்கான சான்று), வருடா வருடம் வந்த சம்பளக் கடிதங்களையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பிஎஃப் கணக்குக்கு உங்களுக்கென்று தந்திருக்கும் யுஏஎன் எண்ணோடு உங்கள் சொந்த மொபைல் நம்பர் இணைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். எனக்கு 2018ஆம் வருடத்துக் கடிதம் ஒன்று விட்டுப்போனது, அதை வாங்க நான்கு மாதம் மெயில் எழுத வேண்டியிருந்தது.